சிவப்பாய் எரிந்த புட்டி

1966 டிசம்பர் 11, ஞாயிறு

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், அவர், பெரியவள் வள்ளிக்கண்ணு, சின்னவள் அமிர்தம், சம்பந்தியம்மாள் செல்லக்கண்ணு, மாப்பிள்ளை அழகிரி. காட்டூரிலிருந்து வள்ளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

"வயித்துவலின்னு உருளுறா. டாக்டரு ஒண்ணுமில்லைங்கிறாரு. வெல்லத்தை மட்டும் திருடித் திங்கத் தெரியுது. வேலைக்குச் சோம்பிப் போடுற வேஷம்ங்க இது" என்றார் சம்பந்தியம்மாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேஷமில்லை என்று தெரிந்தால் அழைத்துப் போவீர்களா என்று கேட்டேன்.

"நிரூபிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

டிசம்பர் 16

மார்கழி பிறந்தது. மளிகைக் கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோ வெல்லம் வாங்கி நாலு நாள், பாதி இல்லை. கேட்டால், "அதைத் தின்னா வலி கொஞ்சம் அடங்குதும்மா" என்கிறாள். அப்படியும் உண்டா? சம்பந்தியம்மாள் சொன்னது சரிதானோ? அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

டிசம்பர் 22

வைகுண்ட ஏகாதசி. அவளுக்காக வேண்டிக்கொண்டு நானும் அவளும் பட்டினி. துளசித் தீர்த்தம் மட்டும். நேற்றும் ஒரு வேளைதான். சொர்க்கவாசல் கூட்டத்தில் என் கையை அவள் விடவே இல்லை.

டிசம்பர் 23

பாரணைச் சோறு இறங்கவில்லை. வலி, வாந்தி. பெருமாளே, விரதம் இருந்தவளுக்கா இது?

டிசம்பர் 25

அவள் எழ முடியாததால் சட்டியில் பிடித்து ஜன்னலோரம் வைத்திருந்த சிறுநீர், வெயிலில் கறுஞ்சிவப்பாகிவிட்டது. ரத்தமா? புட்டியில் ஊற்றிக்கொண்டு, அவளையும் குதிரை வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டிசம்பர் 27

பரிசோதனைக் கூடத்து குத்புதீன் என்பவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். கதவைச் சாத்தி ஒரு விளக்கைப் போட்டார். மங்கிய ஊதா வெளிச்சம். அதன் கீழ் இரண்டு புட்டிகள். ஒன்று வெளிறிய நீலம்.

"இது என்னோடதுங்கம்மா. ஒப்பிட்டுப் பாக்க வேற யாரு குடுப்பா?"

மற்றது வள்ளியுடையது. தணல் போல உள்ளிருந்தே சிவப்பாக எரிந்தது.

"சாயம் ஏதும் போட்டீங்களா?"

"ஒரு சொட்டு கலக்கலைங்க. அவங்க உடம்பு செய்யுற பொருளுதான். இந்த வெளிச்சம் பட்டா அதுவா ஒளிரும்."

வேஷமில்லை. என் பெண் வேஷம் போடவில்லை!

பிறகு லேடி டாக்டர் சொன்னார். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் பொருள் முழுதாக ஆகாமல் பாதியிலேயே தேங்கிவிடும் வியாதியாம், குடும்பத்தில் வருமாம். பட்டினி ஆகவே ஆகாது; இனிப்பும் சோறும் கொடுக்க வேண்டுமாம். "எத்தனை நாளாச் சாப்பிடலை?" என்று கேட்டார்.

பூட்டுனது யாரு? நாந்தானே. பட்டினி போட்டது யாரு?

டிசம்பர் 29

சர்க்கரைத் தண்ணீர் நரம்பில் ஏறுகிறது. அவளால் கையைத் தூக்க முடியவில்லை. மாப்பிள்ளை வந்தார். குத்புதீன் அவருக்கும் புட்டியைக் காட்டினாராம்; கட்டிலருகே நின்று அழுதார். "பொங்கலுக்கு நம்ம வீட்டுக்குப் போயிருவோம் வள்ளி" என்றார். அவள் சிரித்தாள். பேச்சு வரவில்லை.

டிசம்பர் 31

மூச்சுத் திணறுகிறது. ரங்கா, ரங்கா.

1967 ஜனவரி 16

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. அக்காளை நினைத்து அமிர்தம் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பாயசம் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு அவரிடம் கொடுத்தனுப்பிய சீட்டு:

மதிப்புக்குரிய குத்புதீன் அவர்களுக்கு, இது என் சின்ன மகளுடையது. இன்று காலையில் பிடித்தது. துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன். அந்த விளக்கில் வைத்துப் பாருங்கள். என்ன நிறம் என்று சீக்கிரம் சொல்லி அனுப்புங்கள்.