சம்பந்தியம்மாவை அழவைத்த வரவேற்புரை

ஆயக்குடி

என் செல்ல மகள் ஜெயப்பிரியாவுக்கு, உன்னைப் பெறாமல் வளர்த்த மாமன் மயில்சாமி எழுதுவது. பழனியாண்டவன் புண்ணியத்தில் உன் அம்மா, அத்தை கந்தம்மாள், கொய்யாத்தோப்பு எல்லாம் சுகம். கோகிமாவில் நீயும் மாப்பிள்ளை நெய்சோவும் பேத்தியும் சுகமாக இருக்கணும். நான் சுகமில்லை, கோபத்தில் கொதிக்கிறேன், என் மூச்சு பட்டுக் கொடைக்கானல் ஏரியில் மீனெல்லாம் வெந்து மிதக்குதாம்.

ஏ புள்ள, உன் மாமியார் பாஷையும் திபெத்து பாஷையும் பர்மா பாஷையும் ஒரே குடும்பம் என்று போன தீபாவளிக்குப் படம் போட்டுக் காட்டியது நீதானே? அதை நம்பித்தானே நான் வாராவாரம் வெள்ளனே பஸ் ஏறி, ஏரிக்கரையில் ஸ்வெட்டர் விற்கிற திபெத்துக்காரருக்குக் கூடை கூடையாகக் கொய்யா கொடுத்து, பேத்தி காதுகுத்துக்குப் பழனி வரும் சம்பந்தியம்மாவுக்காக ஒரு வரவேற்புரை கற்றேன். இது நாகாலாந்துக்காரங்களுக்குப் புரியாதுங்களே என்று அந்த மனுஷன் சொல்லத்தான் சொன்னார், என் மகள் இதிலேயே டாக்டர் பட்டம் வாங்குகிறவள் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். வீடியோவில் நான் சிங்கமாக முழங்க, அன்றைக்கு உன் கல்யாணத்தை எதிர்த்த மாதிரி இன்னும் திட்டுகிறேன் என்று நினைத்து சம்பந்தியம்மா உள்ளே போய் அழுகிறார், நீ வாயைப் பொத்திச் சிரிக்கிறாய்! அப்புறம் சாவகாசமாக, குடும்பம் ஒண்ணுதான் மாமா, ஆனா இங்கே ஒரு மலை தாண்டினாலே ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாது என்கிறாய். முதலிலேயே சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

இப்போது மாமியார் வரமாட்டார், பிள்ளைக்கு இங்கேயே ஆஸ்பத்திரியில் காது குத்திக்கிறோம் என்று மெசேஜ் வேறு. உனக்கு உடன்பிறந்தான் கிடையாது, தாய்மாமன் மடி என்றால் என் மடிதான். அங்கே ஊசி இறங்கியது தெரிந்தால் கொய்யா மூட்டையோடு நடந்தே வந்து அந்த ஆஸ்பத்திரி வாசலில் படுத்துவிடுவேன், ராணுவம் வந்தாலும் எழுந்திருக்கமாட்டேன். வாங்க, உட்காருங்க, இது உங்க வீடு என்றுதான் நான் முழங்கினேன், அதை இன்னும் நீ அந்த அம்மாவிடம் எடுத்துச் சொல்லவில்லை, எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான். இன்றே சொல். தையில் எல்லோரும் பழனிக்கு வந்து சேருங்கள்.

இன்னொரு சோலி. பேத்திக்கு அங்கத்திப் பேச்சு, உன் மாமியார் பாஷை மட்டும்தான் புரியுமாம். என் மடியில் அவள் அலறும்போது நான் தமிழில் சமாதானம் சொன்னால் அதையும் திட்டு என்று நினைப்பாள். அழாதே கண்ணு, முடிஞ்சுபோச்சு என்பதைச் சம்பந்தியம்மா குரலிலேயே பதிந்து வெரசா அனுப்பு, இந்தத் தடவை தப்பில்லாமல் படித்து வைக்கிறேன்.

மூவரும் நூறாண்டு வாழ்க. குளிருக்குப் பிள்ளைக்குக் குல்லா போடு. தை வரை அந்தக் காதில் ஒரு ஊசியும் படக்கூடாது.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் மாமன்,
கொய்யாத்தோப்புச் சக்கரவர்த்தி மயில்சாமி