ஹாலில் மேயும் பதினேழு ஆடுகள்

நெய்வேலி,
பிளாக் 21.

அன்பு மகள் சங்கீதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், எங்கள் ஹாலில் மேய்ந்துகொண்டிருக்கும் பதினேழு ஆடுகளும் நான்கு மாடுகளும் எங்கள் இருவரையும்விட நலம். இங்கிலாந்துக் குளிரில் நீயும், நீ ஊசி போடுகிற ஜீவன்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வடலூர் ஜோதியை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. சாயங்காலம் ஆனால் என் போன் அவர் கைக்குப் போய்விடுகிறது, நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். நான் உனக்கு எதை டைப் செய்தாலும் அவர் கண்ணில் படும். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன், தலைமை ஆசிரியர் மாதிரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன முறை வந்தபோது அவருக்கு ஒரு குட்டி ரயில் வாங்கி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "பொம்ம வெச்சிகினு வெளயாடற வயசா எனக்கு" என்று சொல்லிப் பரணில் போட்டாரே, அதே ரயில். ஜனவரியில் அவருக்கு முட்டி வீங்கியது, மெஷின் மேல் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ரிட்டயர்மென்ட் வரை ஆபீசில் ஜெனரல் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் மைன்ஸில் வீட்டைவிடப் பெரிய மெஷினை ஓட்டிய மனிதர், ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்தால் எதை ஓட்டுவார், என்னைத்தான் ஓட்டினார். புளி ஏன் இப்படிக் கரைக்கிறாய், கேஸை ஏன் இவ்வளவு பெரிதாக வைக்கிறாய் என்று ஒரு வாரம். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி அந்த ரயிலை இறக்கிக் கையில் கொடுத்தேன். அன்றைக்குப் போன ஹால் இன்னும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு பெஞ்ச் போட்டு அதன் மேல் பெரிய பிளைவுட் பலகை, என் தையல் மெஷின் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ரயில் ஓடினால் போதாதாம், ரயில் போகிற வழியில் வயலும் கற்சுவரும் இருக்க வேண்டுமாம். அனல்மின் நிலையச் சாம்பலை ஒரு கேரி பேக்கில் கொண்டுவந்து, ஃபெவிகால் விட்டுப் பிசைந்து, தட்டிக் காயவைத்து, துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு கல்லாக என் சாமணத்தால் எடுத்து வைத்துச் சுவர் கட்டினார். சமையலறை அலமாரியின் கீல் கழன்று ஒரு வருஷம் ஆகிறது, அதற்கு மட்டும் அவருக்குக் கை நடுங்குகிறது. காடாம்புலியூர்க்காரருக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும், அங்கே இருப்பது செம்மண்ணும் முந்திரியும்தானே. சுவரைக் கட்டி, அது பத்தாது என்று மேலே முள் வேறு வைத்திருந்தார், ஆடு தாண்டிவிடுமாம். எதிர் குவார்ட்டர்ஸ் மருதமுத்து அண்ணன் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் திண்டுக்கல் பக்கம் அல்லவா, கல்லோடு பிறந்தவர். "மண்ணு பூசாமக் கட்டுறதுதேன் கல்லுக்கட்டு. கீழ பெருசு, மேல சிறுசு, சந்துல சல்லி. ஒரு கல்லு சேர்ற எடத்துக்கு மேல இன்னொரு கல்லு குறுக்க உக்காரணும்" என்று பாடம் எடுத்தார். உன் அப்பா யாரிடமும் பாடம் கேட்காதவர், அன்றைக்குக் கேட்டுக்கொண்டார். மூன்று முறை இடித்துக் கட்டினார். மழை அடிக்கிற பக்கம் பாசி பிடித்திருக்க வேண்டும் என்று என் டீத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்துத் தூவினார்.

அடுத்தது கால்நடை. எம்-சீலில் உடம்பு, குண்டூசியில் கால், முதலுதவிப் பெட்டிப் பஞ்சில் ரோமம். முதலில் செய்த மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டுக் கொம்புக்குச் சிவப்பும் அடித்துவிட்டார், அது அங்கே பொங்கல் கொண்டாடுகிற மாடு போலிருக்கிறது. பிறகு உன் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் சுரண்டினார். இரண்டு மாதமாக நான் உன்னிடம் கேள்விமேல் கேள்வி கேட்டேனே, சுவரின் அடியில் ஓட்டை எதற்கு, ஆட்டின் பின்னால் நீல மை எதற்கு என்று, உனக்கும் அம்மாவுக்கு என்ன திடீர் அறிவுத் தாகம் என்று தோன்றியிருக்கும். எல்லாம் அவர் கேட்கச் சொன்னதுதான். அது கிடா சேர்ந்த ஆட்டுக்கு அடையாளம் என்று நீ எழுதியதை அவரிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு இருமல் இருமினார் பார், ஹால் போன வயிற்றெரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பதினேழில் பதினொன்றுக்கு நீலம் அடித்தார்.

இதெல்லாம் அந்த ரயில் வந்த அட்டைப் பெட்டியின் மேல் படத்தில் இருக்கிற ஊர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு தூசி தட்டும்போது பார்க்கிறேன், ஓரத்தில் இருந்த வீட்டின் சமையலறை ஜன்னலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. கடுகளவு. எந்த வெள்ளைக்காரன் ஜன்னலில் கறிவேப்பிலை வைப்பான்? பின்னால் இடிந்த மூலையோடு ஒரு சுவர், இரண்டு மரம், சிவப்புக் கதவு. உன் வீடுதான் சங்கீதா. நாம் வீடியோவில் பேசும்போது, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து "வெளிச்சம் பத்தல, போன ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லு" என்பாரே, வெளிச்சத்துக்காக இல்லை, உன் சுவரையும் மரத்தையும் பார்க்கத்தான். பலகையில் அந்த வீட்டுக்கு வெளியே, சுவர் பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு ஒரு பொம்மை, யார் இது என்று கேட்டேன். "செட்டுல வந்தது" என்றார். செட்டில் வந்ததெல்லாம் தொப்பி போட்ட ஆண்கள், இதற்குப் பின்னல் இருக்கிறது. நான் சமையலறைக்குப் போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

குள்ளஞ்சாவடிப் பக்கம் கிடைத்த கவர்மென்ட் மாட்டு டாக்டர் வேலைக்கு நீ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து நாலு வருஷமாகப் பார்க்கிறேன். "பர்மனென்ட் வேலைய வுட்டுட்டு எவனோ ஒருத்தன் ஆட்டுக்கு வைத்தியம் பாக்கப் போறா" என்று சொல்லி ஏர்போர்ட்டுக்கும் வராமல் இருந்தவர், போனில் "சாப்டியா, குளுருதா" இரண்டோடு என்னிடம் தள்ளிவிடுகிறவர். நீ மட்டும் என்ன, "ம், ம்" என்று இரண்டு ம்மோடு முடித்துக்கொள்கிறாய். நல்ல அப்பா, நல்ல மகள், நடுவில் நான் தபால்காரி. ரிட்டயர் ஆனதும் இரண்டு பேரும் மூன்று மாதம் வந்து இருங்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள், டிக்கெட் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். "என் முட்டிக்கு அந்தக் குளுரு ஆவாது, நீ வேணா போ" என்று முடித்துவிட்டார். உன்னைப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியவில்லை. ஆனால் அவரை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் வந்தால், அதோடு நீங்கள் இருவரும் பேசாமலே போய்விடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் பதில் எழுதாமல் இழுத்தடித்தேன்.

நேற்று சாப்பிடும்போது மறுபடியும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். ஸ்டேஷனில் இறங்கி உன் வீட்டுக்கு நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும், மேடு உண்டா, வழியில் உட்கார இடம் இருக்கிறதா. எதற்கு என்றேன். "ரயிலுக்குத்தான், அளவு வோணும் இல்ல" என்றார். அந்த ரயிலில் வருகிற பொம்மை எதற்கும் முட்டி வலி இல்லை, சங்கீதா.

இந்தக் கேள்வியை மட்டும் நான் அனுப்பப் போவதில்லை. இது கையில் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்குக் கூப்பிடாதே, அவர் நம்பருக்குக் கூப்பிடு. எத்தனை நிமிஷம் என்று நீயே அவரிடம் சொல்லு, ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன் என்றும் சொல்லு. இந்தக் கடிதம் வந்ததாக மூச்சு விடாதே. காலுறை இரண்டாகப் போட்டுக்கொள், கன்றை இழுக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள், ஆறிய ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. டிக்கெட் இரண்டாகவே போடு.

உன் அம்மா,
கஸ்தூரி