ஒரு சஹனுக்கு நான்கு பேர்

என் வாப்பாவுக்கு, உங்கள் கருப்பட்டியின் ஸலாம்.

உங்களை அடக்கிய கபரடிக்குப் பெண் என்று என்னை விடமாட்டார்கள். அதனால் நம் பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அஸ்தினாபுரம் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். வருகிறவர்கள் இன்னும் "பாய் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஹாஷிமை நீங்கள் பார்த்ததில்லை. சூடான் நாட்டுக்காரர், பெருங்களத்தூரில் அறையெடுத்துப் படிக்கிறார். ஒருநாள் கடைக்கு வந்து, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சாப்பிடப் பெரிய தட்டு வேண்டும் என்று கையை விரித்துக் காட்டினார். நம் கல்யாணங்களில் நால்வர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹனையே எடுத்துக் கொடுத்தேன். அன்று தொடங்கிய பேச்சு. கட்டினால் அவரைத்தான், வாப்பா.

அதைச் சொன்னதும் உங்கள் தங்கச்சி குதித்த குதி இருக்கிறதே!

"நம்ம ஆளுங்கள்ல மாப்பிள்ளையே கிடைக்கலையா? போயும் போயும் ஒரு ஆப்பிரிக்காக்காரனா?"

"அவரும் நம்ம பள்ளிவாசல்லதான் தொழுறாரு, மாமி."

"தொழுறதுக்குச் சரிடீ. சம்பந்தம் பண்றதுக்கு?"

அன்றிலிருந்து உம்மாவும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் சமோசாவைத் தின்றுவிட்டு, 'பொண்ணு நிறம் கம்மி' என்று போனார்களே, அப்போது வராத ரோஷம் நம் சொந்தத்துக்கு இப்போது எங்கிருந்து வந்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று என்னைக் கருப்பட்டி என்று கொஞ்சியவர் நீங்கள். இன்று என் பக்கம் நின்றிருப்பீர்களா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் குரோம்பேட்டையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண்கள் பந்தியில் ஒரு சஹன் முன்னால் போய் உட்கார்ந்தேன். வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் அடுத்த சஹனுக்கு நகர்ந்தார்கள். பரிமாறிய அக்கா, "இன்னும் மூணு பேரு வரட்டும்மா" என்றார். யாரும் வரவில்லை. நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. அழுதுவிடக் கூடாது என்று தால்ச்சாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் நம் ஜனம், வாப்பா. சின்ன வயதில் எனக்கு ஊட்டிவிட்ட கைகள்.

அப்போது மாமியின் சஹனிலிருந்து உம்மா எழுந்தார். பாதிச் சாப்பாட்டில், எச்சில் கையோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். மண்டபமே பார்த்தது.

"இன்னா வேடிக்கை? சாப்பிடு," என்று கறியை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு வாய் சாப்பிட்டார். தலை நிமிராமலே கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு நம்ம காரம் ஒத்துக்குமா?"

"கண்ணுல தண்ணி வரும், உம்மா. ஆனா மிச்சம் வைக்க மாட்டாரு."

உம்மா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

இன்ஷா அல்லாஹ், நிக்காஹ் முடிந்ததும் நம் வீட்டில் ஒரு சஹன் வைப்பேன். உம்மா, ஹாஷிம், நான். நாலாவது இடம் உங்கள் தங்கச்சிக்கு. அவர் வந்து உட்காரும்வரை யாரும் சோற்றில் கை வைக்க மாட்டோம். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கருப்பட்டி என்று கூப்பிட ஆளில்லாத
உங்கள் மகள்