இருநூறு வந்தால் போதும்

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகத்துக்குள் கைபேசி கூடாது என்று இன்று முதல் உத்தரவு. வாசலில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தண்ணீர் மாதிரிகளைத் தொட வேண்டும். எனக்கு நஷ்டமில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம். காது மந்தமானதால் இவர் போனில் பேசுவதை விட்டு வெகுநாளாயிற்று. குறுஞ்செய்தி ஒன்றுதான் மிச்சம், அதற்கும் வேட்டு. கம்பெனி வேறு இவரை விடுப்பில் உட்கார வைத்திருக்கிறது.

விஷயத்தைச் சத்தமாக இரண்டு முறை சொன்னேன். நேராகப் போய்ப் பரணிலிருந்து பழைய கணினித் திரை ஒன்றை இறக்கினார். லிஃப்ட் மெக்கானிக் கையில் எதுவும் சும்மா கிடக்காது.

மார்ச் 6, வியாழன்

சமையலறை அலமாரியில் செய்திப் பலகை தயார். ஆய்வகக் கணினியிலிருந்து ஜேசன் வடிவில் ஒரு வரி அனுப்பினால் அந்தத் திரையில் விழும். ஜேசன் ஒன்றும் பெரிய வித்தையில்லை. பெயரும் மதிப்புமாக அடைப்புக்குறிக்குள் கட்டிய பொட்டலம். அதை அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது கணினிக்கான கட்டளை வரிசையை, நானே எழுதினேன். பொட்டலம் கட்டு. கர்ல் கட்டளையால் அனுப்பு. திரும்பி வருவதைத் தூக்கிப் போட்டுவிட்டு நிலை எண்ணை மட்டும் காட்டு. 200 என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. அது தெரிந்தால் எனக்குப் போதும்.

முதல் செய்தி: அடுப்பை அணைத்தீர்களா?

200.

மார்ச் 10, திங்கள்

காது மருத்துவரிடம் போனோம். நடுக்காதில் ஒரு குட்டி எலும்பு இறுகிவிட்டதாம். அறுவை செய்து அதற்குப் பதில் வேறொன்று வைக்கலாமாம். பெரும்பாலும் நன்றாகக் கேட்கும் என்றார். சரியாகாவிட்டால் என்று நான் கேட்டேன். நூற்றில் ஒருவருக்கு அந்தக் காதில் இருப்பதும் போய்விடலாம் என்றார். அதை ஒரு சீட்டில் எழுதி இவரிடம் நீட்டினேன். தெரிந்துதானே முடிவெடுக்க வேண்டும்?

வெள்ளி 21-க்குள் சொல்ல வேண்டும். விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கம்பெனி அதுவரை பொறுக்காது. மோட்டார் ஓடும் சத்தத்திலேயே கோளாறைச் சொன்ன மனிதரைப் புகார் பதியும் மேசையில் உட்கார வைக்கப் போகிறார்களாம். அதற்கு இவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

மார்ச் 13, வியாழன்

ஆய்வகத்திலிருந்து கேட்டேன்: முடிவெடுத்தீர்களா? 200.

சாயங்காலம் இவர் முகம் என்னவோ போலிருந்தது. நேரிலும் கேட்டேன். "அதான் சொல்லிட்டேனே" என்றார்.

எப்போது சொன்னார்? காதுதான் மந்தம் என்று நினைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

200. 200. 200. வீட்டில் ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 17, திங்கள்

வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தாள். "என்னம்மா நடக்குது அங்க? 'உங்கம்மா சரின்னும் சொல்ல மாட்டேங்குறா, வேண்டாம்னும் சொல்ல மாட்டேங்குறா'ன்னு அப்பா எழுதியிருக்காரு."

நானா? மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். இவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பழி என் மேல்.

மார்ச் 19, புதன்

இன்று முதல் தடவையாக 400, பிழை என்று அர்த்தம். மருத்துவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்பியிருந்தேன். அந்தக் குறி பொட்டலத்தை நடுவழியில் அவிழ்த்துவிட்டது. பலகைக்கு என்ன கோபம் என்று பார்க்க, பதிலைத் தூக்கிப் போடும் துண்டை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்தேன். பிழைச்செய்தி வந்தது. பொட்டலத்தைச் சரியாகக் கட்டி மறுபடி அனுப்பினேன். 200. அதன் கூடவே —

"மறுபடியும் கேக்குறேன் இன்ஸ்பெக்டர். உனக்குப் பயமா இருக்கா? நீ கூட இருந்தா நான் போறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு."

இன்ஸ்பெக்டர் நான்தான், எதையும் சோதிக்காமல் நம்பமாட்டேனாம்.

பலகையில் விசைப்பலகை மாட்டி, அங்கே இவர் தட்டிவைப்பது என் அடுத்த செய்திக்குப் பதிலாக வந்து சேரும்படி செய்திருக்கிறார். எத்தனை நாளாக? ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. நானே கட்டளை போட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டிருக்கிறேன். அட கடவுளே.

"என்ன மேடம், மாதிரியைக் கொட்டிட்டீங்களா?" என்றாள் எதிர்மேசைக்காரி. இல்லை, கண்ணில் தூசி என்றேன். தூசியே புகாத அறை அது.

எழுதினேன்: பயம்தான். கூட இருக்கிறேன். போவோம். 200, வெற்றுப் பதில். கொஞ்சம் பொறுத்து 'படித்தீர்களா' என்று இன்னொன்று அனுப்பினேன். வந்தது: "அப்பாடா. வரும்போது ரொட்டி."

வீட்டுக்கு வந்ததும் வாயால் சொல்வதற்கென்ன என்று சண்டைக்குப் போனேன். "நீ எனக்குக் கேக்குற மாதிரி பேசினா திட்டுற மாதிரி இருக்கு. எழுத்துல நீ கொஞ்சம் நல்லவ" என்றார். பதில் வருமென்று முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே? "சந்தேகப் பிராணி. வந்ததைப் பாக்காம விடுவன்னு நான் கண்டேனா?"

பழைய பதில்களைப் பலகை சேர்த்து வைக்காதாம், கொடுத்ததும் அழித்துவிடும். என்ன எழுதினீர்கள் என்று கெஞ்சினேன்.

"போனது போனதுதான். ஒண்ணு ரெண்டு நல்லா இருந்துச்சு."

ஏப்ரல் 2, புதன்

அறுவை முடிந்தது. காது நிறையப் பஞ்சு. உள்ளே போகும்போது பர்ஸை என்னிடம் தந்தார். நான் எழுதிக் கொடுத்த சீட்டு அதில் இருந்தது. பின்பக்கம் பெரிதாக 99 என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

பஞ்சை எடுத்துவிட்டார்கள். ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார். உள்வீக்கம் வடியட்டும் என்கிறார் மருத்துவர். நம்புகிறேன் என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆய்வகத்திலிருந்து: எப்படி இருக்கிறது?

பதில்: "குக்கர் விசில் அடிச்ச மாதிரி இருந்துச்சு. நானா நினைச்சுக்கிட்டேனோ என்னவோ."

ஏப்ரல் 26, சனி

இவர் கழுவி வைத்த பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாணலி மட்டும் இன்னும் தொட்டியில் கிடந்தது. "அடிப்பிடிச்சது மட்டும் இந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியாது" என்று எனக்கு நானே முணுமுணுத்தேன்.

கூடத்திலிருந்து குரல்: "தெரியுது. ஊறப் போட்டிருக்கேன்."

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன்.

இத்தனை வருஷமாக இவர் முதுகுக்குப் பின்னால் சுதந்திரமாகத் திட்டிப் பழகிவிட்டேன். இனி பார்த்துத்தான் பேச வேண்டும்.