ரிப்பன் இல்லாத மேசை

கெஸ்ட்ரல் க்ரீக், நெப்ராஸ்கா
மார்ச் 5, 1972

மதிப்பிற்குரிய மிஸ் ஃபெல்தம் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆகஸ்ட் மாதக் குடும்பக் கூடலில் தட்டு கழுவும் பக்கம் நிற்பவள் நான். லாயிட் க்ரௌஸின் மகள். இதை நேரில் கேட்க நான்கு வருடமாக முயல்கிறேன். ஒவ்வொரு முறையும் உங்கள் உருளைக்கிழங்கு சாலட்டைப் பாராட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஏமஸ் ஃபெல்தம் இங்கிலாந்தை விட்டு இந்தப் புல்வெளிக்கு வந்த நூறாவது வருடத்துக்காகக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் நடுகிறீர்களாம். அதில் அவர் பிள்ளைகளின் பெயர்களைச் செதுக்குவார்களாம். என் அப்பாவின் அம்மா ஹெஸ்டரின் பெயர் மட்டும் இல்லையாம். ஹெஸ்டர், ஏமஸின் இரண்டாம் மனைவி தர்சா தன் முதல் கணவர் ஓக்லிக்குப் பெற்று இடுப்பில் தூக்கிவந்த குழந்தை. வளர்ந்ததெல்லாம், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி ஏமஸ் கட்டிய புல்மண் வீட்டில்தான்.

கூடலில் ஏமஸின் முதல் மனைவி வழிக்கு நீல ரிப்பன், இரண்டாம் மனைவியிடம் அவருக்குப் பிறந்தவர்கள் வழிக்கு மஞ்சள். எங்களுக்கு ரிப்பன் கிடையாது, கடைசி மேசை. "ரிப்பன் குத்துனா சட்டை ஓட்டையாயிடும்டி, விடு" என்று அப்பா சிரிப்பார். ஆனால் முப்பது வருடமாக அந்தக் கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டுவது அவர்தான். இந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு அவருக்கு மூச்சு வாங்குகிறது. போன வாரம் டாக்டரிடமிருந்து திரும்பும் வழியில், "அந்தக் கல்லுல எடம் நெறைய இருக்குமா நடீன்?" என்றார்.

இருக்குமா?

பணிவுடன்,
நடீன் க்ரௌஸ்

---

மார்ச் 14, 1972

அன்பு நடீன்,

நான்கு வருடப் பாராட்டும் சாலட்டுக்கு இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அதில் கடுகு அதிகம் என்று எனக்கே தெரியும்.

விதியை நான் போடவில்லை. ஏமஸின் இரத்தம் மட்டும் என்று 1911-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். நான் வெறும் செயலாளர். ஹெஸ்டரைப் பற்றிப் பேச்செடுத்தால், கல்லுக்கான கமிட்டியில் இருக்கும் க்ளிஃபர்ட், "அப்ப அவரோட குதிரை பேரையும் செதுக்கிடலாமே" என்கிறான். நீ படித்த பெண், நூலகத்தில் வேலை பார்க்கிறாய். ஹெஸ்டரைத் தன் பிள்ளையாக ஏமஸ் ஏற்றுக்கொண்டதற்கு ஏதாவது தாள் இருந்தால் தேடிக் கொண்டு வா. ஜூனில் செதுக்கத் தொடங்குகிறார்கள்.

அந்த வீட்டில் இரண்டு ஆல்பர்ட் இருந்தது உனக்குத் தெரிந்திருக்கும். இருவரும் ஒரே வயது. ஏமஸின் மகன் ஆல்பர்ட் என் அப்பா. தர்சா கூட்டிவந்த ஆல்பர்ட் எட்டு வயதில் தொண்டை அடைப்பானில் போய்விட்டான். கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில் அந்தக் குட்டிக் கல்லுக்கு மட்டும் அப்பா இரண்டு டப்பா பியோனிப் பூ வைப்பார். "அவனுக்கு மட்டும் ஏம்ப்பா ரெண்டு?" என்று கேட்பேன். "அங்க படுத்திருக்கறது நாந்தாம்மா" என்பார். விளையாட்டுப் பேச்சுக்காரர். உன் கடிதத்தைப் படித்ததும் ஏனோ அது நினைவுக்கு வந்தது.

லாயிடைப் புல் வெட்ட விடாதே.

வில்மா ஃபெல்தம்

---

ஏப்ரல் 23, 1972

மிஸ் ஃபெல்தம் அவர்களுக்கு,

சில நாட்களாக ஒரே கனவு. பனியில் பாதி புதைந்த புல்மண் வீடு. உள்ளே ஒரு விளக்கு. ஜன்னலில் இரண்டு சிறுவர்கள், ஒரே உயரம். ஒருவன் மூச்சுவிட்டால் மற்றவன் பக்கத்துக் கண்ணாடி மங்குகிறது. யார் யார் என்று பார்க்கக் கிட்டே போவதற்குள் விழித்துவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட தாள் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர் சர்ச்சின் நிலவறையில், அந்தக் காலத்துப் போதகரின் நாட்குறிப்பு கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தைக் கையால் எழுதி, ஒட்டிய உறையில் இத்துடன் வைத்திருக்கிறேன். அது ஹெஸ்டரைப் பற்றியது அல்ல. உங்களைப் பற்றியது.

அப்பாவிடம் காட்டவில்லை. நாட்குறிப்பை இருந்த பெட்டியிலேயே வைத்துவிட்டேன். உங்கள் சமையலறையில் விறகடுப்பு இருப்பது தெரியும். பிரிக்காமலே எரித்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஹெஸ்டருக்காகத் தேடப்போய் உங்களிடமிருந்து எதையோ எடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்டில் வழக்கம்போலத் தட்டு கழுவ வருவேன்.

நடீன்

---

மே 30, 1972

அன்பு நடீன்,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். அடுப்பு மூடியைக் கூடத் திறந்தேன். சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டு உட்கார்ந்து படித்தேன்.

இப்போது மனப்பாடம். "1874, ஜனவரி 19. ஃபெல்தம் வீட்டுச் சிறுவனை அடக்கம் செய்தேன். இறந்தது ஏமஸின் மகன். பிழைத்தது ஓக்லியின் மகன். ஏமஸ் கதவைத் திறந்து பனிக்குள் 'ஆல்பர்ட், ஆல்பர்ட்' என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார். மற்றப் பையன் படுக்கையிலிருந்து எழுந்துபோய், 'இங்கதான் இருக்கேம்ப்பா' என்றான். தர்சா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். யாரும் திருத்தவில்லை."

அந்த 1911 கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். எனக்கு ஆறு வயது, அவர் மடியில் இருந்தேன். இரத்தம் என்று எழுதும்போது அவர் என் ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார். பிழைத்த அந்தப் பையன்தான் என் அப்பா. ஹெஸ்டர் என் அப்பாவோடு பிறந்த தங்கை. எனக்குச் சொந்த அத்தை. லாயிட் என் அத்தை மகன். அவனுக்குக் கடைசி மேசையில் இடம் போட்டுவந்தவள் நான்.

சனிக்கிழமை கமிட்டியில் அந்தப் பக்கத்தை வாசித்தேன். கடைசியில் க்ளிஃபர்ட், "அப்ப நீ யாரு வில்மா?" என்றான்.

"குதிரை" என்றேன்.

அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு அவன்தான் முதலில் கை தூக்கினான். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் கல்லில் வரும். குடும்பப் பெயர் இல்லாமல், வயது வரிசையில். ஆல்பர்ட் இரண்டு முறை.

இன்று காலை பியோனி எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பளவு மூடுபனி, கற்கள் மிதப்பது போலிருந்தன. நான் சொல்லியும் கேட்காமல் உன் அப்பா புல் வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான். "குட்மார்னிங், மிஸ் ஃபெல்தம்."

"கல்லுல எடம் நெறைய இருக்கு லாயிட்" என்றேன்.

அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத்தான் இருவருக்கும் வெகுநேரம் ஆயிற்று.

ஆகஸ்டில் கடைசி மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை. சாலட் கொண்டுவருகிறேன், கடுகைக் குறைத்து.

உன் பெரியம்மா,
வில்மா