களனிதான் நீளம்

அன்புள்ள ராத்தா,

நேற்று உங்கள் மகள் மேல்மாடியை ஒதுக்கி முடித்துவிட்டு, போகும்போது என் கையில் ஒரு கூடையைத் தந்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் கூடை, கைபிடியில் நைலோன் கயிறு. அவள் போனதும் அதை மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதில் அப்போதுதான் சுட்ட பாண் மணக்கிறது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பைத்தியம் என்பீர்கள். சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

பாண்காரருக்கும் மீன்காரருக்கும் நீங்கள் பல்கனியிலிருந்து இறக்கிய கூடை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், குறுக்கெழுத்துக்காக, பேப்பர் ஏறி இறங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் உங்களுக்குக் கீழே குடியேறிய புதிதில், குறுக்கெழுத்து என்றால் என்னவென்றே எனக்குச் சரியாகத் தெரியாது. முதல் ஞாயிறு பேனையை எடுத்து இடமிருந்து வலம் முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்பி, பெருமையோடு மேலே அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள் அல்லவா? கூடை திரும்பி வந்தபோது என் சொற்களில் பாதிக்கு மேல் கேள்விக்குறி கிடந்தது. நீங்கள் மேலிருந்து கீழே எழுதிப் பார்த்திருக்கிறீர்கள், ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அன்றுதான் எனக்கு விளங்கியது, ஒரு சொல் சரியா என்பதை அதன் குறுக்கே போகிற சொல்தான் சொல்லும் என்று.

"பென்சிலால எழுதுங்க புள்ள. நாளைக்கி என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாது" என்றீர்கள் பல்கனியில் நின்று.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. கீழ்வீட்டுக்காரிக்கு இடமிருந்து வலம், மேல்வீட்டுக்காரிக்கு மேலிருந்து கீழ். எழுத்து மோதும் கட்டங்களுக்காக நாம் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு யன்னல்கள் திறந்து மூடின. நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், உங்களுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. என் கணவர் பேப்பரில் செய்தி படிக்கவே திங்கட்கிழமை வரை காத்திருந்தார், பாவம். அவரும் ஒருநாள் அது என்ன விளையாட்டு என்று கேட்டுவந்து, ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு, அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. யுத்த காலம். விடியும்போதே பொலிஸ்காரர்கள் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, அடையாள அட்டை பார்த்து, யாழ்ப்பாண விலாசம் உள்ள ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரும் போனார். கட்டியிருந்த சாரத்தை மாற்றக்கூட விடவில்லை. அப்படிப் போனவர்களில் எல்லோரும் திரும்பி வந்ததில்லை என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். நான் சமையலறை நிலத்தில் இருந்துவிட்டேன். எங்கே போவது, யாரிடம் கேட்பது, கேட்டாலும் எந்தச் சிங்களத்தில் கேட்பது?

அன்று கூடை இறங்கவில்லை. நீங்களே இறங்கி வந்தீர்கள். வெளியே போகும் சேலை, தலையில் முக்காடு, கையில் பை. வாசலில் கிடந்த பேப்பரை எடுத்துப் பைக்குள் செருகிக்கொண்டு, எழும்புங்க என்றீர்கள், அவ்வளவுதான்.

பொலிஸ் நிலையத்தில் நீங்களே மாத்தயா, மாத்தயா என்று பணிவாகச் சிங்களத்தில் பேசினீர்கள். வெளியே இருங்கள் என்றார்கள். மரத்தடி வாங்கில் எங்களைப் போலவே ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் உள்வாசலில். நீங்கள் பேப்பரை மடித்து மடியில் வைத்து, பென்சிலால் எழுதத் தொடங்கினீர்கள். எனக்கு உங்கள் மீது பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷன் உள்ளே இருக்கிறார், இவளுக்குக் குறுக்கெழுத்தா?

அப்படி நினைத்தபடியே எட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழ், இலங்கையின் நீளமான ஆறு, நாலு கட்டம். நீங்கள் களனி என்று எழுதியிருந்தீர்கள்.

"ராத்தா, அது மகாவலி. சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும்" என்றேன்.

"நான் களனியில பொறந்தவ. மழ பெஞ்சா அந்த ஆறு வீட்டுக்குள்ளயே வரும். அத விட நீளமா என்னத்தக் காட்டப் போறீங்க?"

"நாலு கட்டம் கிடக்கு. மூண்டு எழுத்துத்தானே எழுதியிருக்கிறியள்."

"மிச்சக் கட்டம் சும்மா இருக்கட்டும். அதுக்கும் ஓய்வு வேணும் தானே."

எனக்கு வந்த கோபம்! உங்கள் இரண்டாவது கட்டத்தில்தான் என் சொல் தொடங்க வேண்டும். தமிழில் 'ள'வில் தொடங்கும் சொல் ஒன்றைக் காட்டுங்கள் என்று குரலை உயர்த்தினேன். வாங்கின் மறுமுனையில் அழுதுகொண்டிருந்த பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்கா சொல்லுறதுதான் சரி என்றாள். இன்னொருத்தி உங்கள் பக்கம் நின்றாள், வேண்டுமென்றேதான். சத்தம் கேட்டு ஒரு பொலிஸ்காரர் வந்து என்ன சண்டை என்று கேட்டார். நீங்கள் சிங்களத்தில் சொன்னீர்கள். அவர் சிரித்து, மகாவலிதான் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, நீங்கள் யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டார். கணவரின் பெயரைச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை.

பின்னேரம் அவரை விட்டார்கள். அந்தப் பொலிஸ்காரர் உள்ளே போய்ச் சொன்னாரா, இல்லாவிட்டாலும் விட்டிருப்பார்களா, தெரியாது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில், காலி வீதியைக் கடக்க நின்றபோது, நீங்கள் பேப்பரைப் பையிலிருந்து எடுத்துக் களனியை அழித்தீர்கள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் மகாவலி என்று எழுதினீர்கள்.

"யாரும் பார்த்தாச் சிரிப்பாங்க" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நடுவீதியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் என்னைத் திட்டி, இழுத்துக்கொண்டு மறுபக்கம் போனீர்கள்.

இப்போது இரண்டு பக்கத்தையும் நானே எழுதுகிறேன். சண்டைக்கு ஆளில்லாத குறுக்கெழுத்து சப்பென்று இருக்கிறது, ராத்தா. அவரும் இல்லை, நீங்களும் இல்லை. மேல்மாடிக்கு அடுத்த மாதம் யாரோ வருகிறார்கள்.

இன்று காலை கனடாவிலிருந்து என் மகள் தொலைபேசி எடுத்தாள். பேரனை ஒப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். ஒப்பரேஷன் அறை வாசலில் தனியே நின்று, பேச முடியாமல் விக்கினாள். கடவுள் இருக்கிறார் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். சொல்லவில்லை.

"பிள்ளை, இப்ப அங்க மாம்பழக் காலம் எல்லே?" என்று கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு என்ன விசரே? இஞ்ச முழங்கால் மட்டும் பனி. இந்த நேரத்தில கேக்கிற கேள்வியே இது?" என்று தொடங்கினாள். நான் விடவில்லை. பனிக்குள்ளும் மாமரம் காய்க்கும் என்று அடித்துச் சொன்னேன். அவள் கத்தினாள், விளக்கினாள், எனக்குப் பாடம் நடத்தினாள். விக்கல் நின்றுவிட்டது. டொக்டர் வெளியே வந்து, பிள்ளை நலம் என்று சொல்லும் வரை என்னோடு சண்டை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு, மேசையில் இருந்த உங்கள் கூடையைப் பார்த்து, மகாவலிதான் என்று சொன்னேன்.