ஒரு பாத்தி மஞ்சள்

உலு திராம், 1945

தனலெட்சுமியின் அப்பாவுக்கு,

உங்களோடு சயாமுக்கு ரயில் பாதை போடப் போன ஒருவர் தப்பித்துக் குளுவாங்குக்கு வந்திருக்கிறாராம். நாளைக்கு அவரைப் பார்க்கப் போகிறேன். கங்காணி போக வேண்டாம் என்கிறார். உங்களைப் பற்றிக் கங்காணி சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

லோரிக்காரரிடம் ஒரு பை நிறைய வாழைமர நோட்டைக் கொடுத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த ஜப்பான் காசுக்கு மரவள்ளிக் கிழங்குகூட வராதும்மா. தங்கம் இருந்தா ஏத்திக்கிறேன்" என்றார்.

தாலியில் இருந்த தங்கத்தைத்தான் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அதைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட என் கழுத்து வெறுமையாக இருக்கவில்லை.

கங்காணியின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் எதுக்குடி இது?" என்று கேட்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கிழங்கு காய்ந்தால் மாற்றிக் கட்ட வேண்டுமே. நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி முழுக்க மஞ்சள் நட்டிருக்கிறேன்.

நீங்கள் வர எத்தனை வருஷம் ஆனாலும் அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா